கல்யாணத்தில் போட வேண்டிய சிடி

கண்ணு,

அந்த வருடத்தின் எண் எனக்கு வராது. ஆனால் எந்த வருடம் என்று கேட்டால் அடையாளம் சொல்லிவிடுவேன். மிளகுக் கொடிகள் வேரழுகி, மரங்களில் வெறும் நாராகத் தொங்கிய வருடம். மலையில் வாழவந்தி நாட்டுப் பக்கம் மண் சரிந்து கொஞ்ச நாள் பஸ் வராமல் போனதால், ஏற்றிவிட வழியில்லாத பலாப்பழங்கள் மரத்தடியிலேயே வெடித்து ஊரெல்லாம் நாறிய வருடம். பூசாரி வீட்டுக்குக் கலர் டிவி வந்ததும், அதைப் பார்க்கப் போன கூட்டத்தில் செருப்பு மாறிப்போய் பங்காளிகளுக்குள் சண்டை வந்ததும் அப்போதுதான். நீ பன்னிரண்டாவது முடித்துவிட்டு, சேலத்துக்குப் போய் கம்ப்யூட்டர்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக நின்றாய். அந்த ஆடியில் அமெரிக்காக்கார அம்மா ஒருத்தி, சாமையும் தினையும் எப்படி விதைக்கிறோம், எப்படிக் குத்துகிறோம் என்று கேட்டுக்கொண்டு நம் திண்ணனூர் நாட்டில் ஊர் ஊராக நடந்து வந்தாள். நம் வாசலில் உன் அம்மாவும் வெள்ளையம்மா சின்னம்மாவும் நோம்பிக்குச் சாமை குத்திக்கொண்டிருந்ததைக் கையளவு கேமராவில் பிடித்துக்கொண்டு போனாள். ஐப்பசி மழையில் உன் அம்மா போய்விட்டாள்.

இதை நான் சொல்லச் சொல்ல உன் சின்னம்மா மகள் அஞ்சலை எழுதுகிறாள். கைநாட்டு வைக்கிற எனக்குக் கடிதம் எதற்கு, தையில் கல்யாணத்துக்கு நீ வரத்தானே போகிறாய், அப்போது சொல்லிக்கொள்ளலாமே என்றாள். நேரில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நானும் பாதியில் நிறுத்திவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போய்விடுவேன். அதனால்தான் கடிதம். கல்யாணத்தன்று நாமக்கல்லில் உன் கடையிலிருந்து பெரிய டிவியைக் கொண்டுவந்து பந்தலில் வைத்து, மாமியாரைக் கண்ணால் பார்க்காத பெண்ணுக்கும் அவள் சனத்துக்கும் அம்மாவைக் காட்டப் போகிறேன் என்று போனில் சொன்னாயாம். நல்ல எண்ணம்தான் சாமி. ஆனால் எந்தச் சிடியைக் காட்டப் போகிறாய் என்பதில்தான் எனக்கு ஒரு சொல் இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமானால் உலக்கையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மிஷினில் அரைத்த சாமை நோம்பிச் சோற்றுக்கு ஆகாது என்பது நம் ஊர் வழக்கம், உனக்குத் தெரியும். அந்தந்த வீட்டுப் பெண்கள் கையால்தான் குத்த வேண்டும். ஒரு உரலில் இரண்டு பேர் நின்று, ஒருத்தி உலக்கை இறங்கும்போது மற்றவள் உலக்கை ஏற வேண்டும். ஒருத்தி கொஞ்சம் தாமதித்தாலும் நடுவில் இடித்துக்கொள்ளும். குத்துகிற சத்தத்தை வைத்தே எந்த வீடு, எந்தப் பெண் என்று நாங்கள் சொல்லிவிடுவோம். உன் அம்மா வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், நான் எதிர்ச்சரிவில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தாலும் அவள் உலக்கை எனக்குத் தனியாகக் கேட்கும். அவ்வளவு வேகம். உன் சித்தப்பன் அப்போது உயிரோடு இருந்தான். காதைத் தீட்டி வைத்துக்கொண்டு, "அண்ணா, இன்னிக்கு அண்ணி குத்தறதப் பாத்தா உரல்ல கெடக்கறது சாமையாட்டந் தெரியல, நீதானாட்டம் இருக்குது. பொழுது உளுந்து ஊட்டுக்குப் போ" என்பான். அன்றைக்குப் போனால் உண்மையிலேயே கோபமாகத்தான் இருப்பாள். அப்படி ஒரு வேகம் அவளுக்கு. நடையும் அதே வேகம்தான். சந்தைக்குப் போனால் முன்னால் போய்விட்டு, எனக்காக வழியில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருப்பாள்.

அந்த அமெரிக்காக்கார அம்மா மறக்காமல் சிடியை அனுப்பி வைத்தபோது, உன் அம்மா போய் ஒரு வருடம் தாண்டியிருந்தது. நீ படிப்பை முடித்துவிட்டு, பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி ஜீப்பில் ஏற்றி வந்து, விதைக் குதிர் இருந்த அறையில் வைத்திருந்தாய். ஊரார் கல்யாண கேசட்டுகளைச் சிடியாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாய். அமெரிக்கச் சிடியைப் பூசாரி வீட்டில் போட்டுப் பார்த்தோம். கலர் இல்லை, கறுப்பு வெள்ளையாக வந்தது. படம் கீழிருந்து மேலே உருண்டு உருண்டு போனது. உன் அம்மாவின் தலை கீழேயும் கால் மேலேயுமாக வந்ததைப் பார்த்துவிட்டுப் பூசாரி டிவியைத் தட்டினார். நீதான் தடுத்தாய். இது அவர்கள் நாட்டுக் கணக்கில் போட்ட சிடி, நம் டிவிக்குத் தோதாக மாற்ற வேண்டும் என்றாய். வீட்டுக்கு வந்து எனக்கு விளக்கமாகச் சொன்னாய்.

"அவங்க ஊருல ஒரு நொடிக்கு முப்பது படமுங்கப்பா. நம்ம டிவிக்கு இருவத்தஞ்சுதான். ஆறுக்கு ஒண்ணு எடுத்துப்போட்டா சரியா வந்துருமுங்க."

"எடுத்தத என்ன பண்ணுவ?"

"அது போயிருமுங்க. பாக்கறவங்களுக்குத் தெரியாது."

"உங்கம்மா இருக்கற படத்தயா எடுத்துப்போடற?"

எனக்கு அது பொறுக்கவில்லை கண்ணு. இருக்கிறதே கொஞ்சம், அதில் ஆறுக்கு ஒன்று கழிப்பதா என்று இருந்தது. ஒன்றையும் கழிக்காமல் முப்பதையும் மெதுவாக ஓட்டலாம் என்று நீயே வேறொரு வழி சொல்லி, கொஞ்சம் செய்தும் காட்டினாய். உன் அம்மா தண்ணீருக்குள் நடப்பவளைப்போல் மிதந்தாள். குரலைக் கேட்டபோது, சளிப்பிடித்த ஆம்பிளை ஒருவன் அவள் சேலையைக் கட்டிக்கொண்டு பேசுவதைப்போல் இருந்தது. அஞ்சலை சிரித்துவிட்டு, பிறகு அழுதாள். போகட்டும், கழிக்கிறதைக் கழித்துவிடு என்றேன். அதற்கும் கம்ப்யூட்டருக்கு முழுப் பகல் வேண்டும். நடுவில் கரண்டு போய்விடும், மறுபடி முதலிலிருந்து தொடங்குவாய். பால் பொங்கிவிடுமோ என்று அடுப்படியில் நிற்பவளைப்போல அந்தப் பெட்டி முன்னாலேயே நின்றாய். ஒருநாள் கரண்டு ஏமாற்றவில்லை. சிடி வந்தது.

பூசாரி வீட்டில் எல்லோரும் உட்கார்ந்தோம். கலரில் வந்தாள். பச்சைச் சேலை, அதே மூக்குத்தி. எதிரே உன் சின்னம்மா. உரலைச் சுற்றிக் கோழிகள். நீயும் நடுநடுவே வாசலில் வந்து போகிறாய், அன்று மத்தியானம்தான் நீ சேலத்துக்கு பஸ் ஏறினாய் அல்லவா, பெட்டி கட்டுகிற அவசரம் உனக்கு. எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும், "இது அவ இல்ல" என்றேன். "அவ இப்படிக் குத்த மாட்டா. ஒலக்கயத் தூக்கறதுக்கே ஒரு பொழுது ஆவுது பாரு." நீயும் உற்றுப் பார்த்துவிட்டு, ஆமாம் என்றாய். ஓரோர் இடத்தில் கடகடவென்று குத்துகிறாள், மற்ற இடத்தில் இழுத்துக்கொண்டு நிற்கிறாள், ஒரே சீராக இல்லை, படங்களைச் சரியாகக் கழிக்கவில்லை போலிருக்கிறது என்றாய். ஆனால் கம்ப்யூட்டரில் அமெரிக்கச் சிடியைப் போட்டுப் பார்த்தபோது அதிலும் அப்படியே இருந்தது. அப்படியென்றால் அங்கே சிடியாக்கும்போதே வேகம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினாய். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. உன் சின்னம்மா அப்போது எழுந்து, ஆட்டைக் கட்ட வேண்டும் என்று போய்விட்டாள். கூட நின்று குத்தியவளுக்குத் துக்கம் தாங்கவில்லை என்று நினைத்தோம்.

பிறகு நீயும் நானும் அந்தக் குதிர் அறையில் உட்கார்ந்து செய்த வேலை உனக்கு நினைவிருக்கும். உன் அம்மா குத்தும் வேகம் எது என்று நீ கேட்டாய். நான் தரையில் கையால் அடித்துக் காட்டினேன். நான் அடிக்க அடிக்க, நீ துண்டு துண்டாக வெட்டி, மெதுவாகப் போகிற இடங்களையெல்லாம் வேகமாக்கி, என் கைக்கும் அவள் உலக்கைக்கும் ஒன்றாக வரும்வரை விடவில்லை. சத்தம் ஒரு பக்கம் உலக்கை ஒரு பக்கம் போகும், அதையும் இழுத்துப் பிடித்துச் சேர்ப்பாய். என் உள்ளங்கை கன்றிப்போனது. ஆனாலும் உன்னோடு அப்படி உட்கார்ந்திருந்தது அந்த ஒரு காலம்தான். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. முடித்துப் போட்டுக் காட்டினாய். நான் கட்டிக்கொண்டு வந்த காலத்து வேகத்தில் உன் அம்மா குத்தினாள். நான் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டேன். பூசாரி பெண்டாட்டிக்கு மட்டும் ஒரு சந்தேகம். "அக்கா சரியாத்தேன் குத்தறாங்க. கோழிகதான் ஏனுங்க பேயி புடிச்சாப்பல கொத்துது?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். சாமைக்கு ஆசைப்படாத கோழி உண்டா என்று நானே பதில் சொன்னேன். அந்தச் சிடியைத் திருப்புலி நாட்டில் உன் மாமன் வீடு வரைக்கும் எல்லோருக்கும் போட்டுக் கொடுத்தாய். முதலில் செய்த சிடியை, இனி எதற்கு என்று நான் சாமைக் காட்டில் குருவி ஓட்டக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். வெயிலில் நன்றாகப் பளபளத்தது.

இனிச் சொல்லப்போவதுதான் உனக்குத் தெரியாதது. போன புரட்டாசியில், உன் சின்னம்மா படுத்த படுக்கையாகிவிட்ட பிறகு, உன் கல்யாணப் பேச்சு அவள் காதுக்கு எட்டியது. என்னை வரச் சொன்னாள். நான் போய் வாசற்படிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அஞ்சலை அவளைத் தலையணையில் சாய்த்து வைத்திருந்தாள்.

"அந்தப் படத்தக் கண்ணாலத்துல போடறானாமா மாமா?"

"ஆமா அம்மிணி. டிவியே கொண்டாரானாமா."

"அதப் போட வேண்டான்னு சொல்லுங்க. அது அக்கா இல்லீங்க. மொதல்ல போட்டான் பாருங்க, அதுதான் அக்கா."

எனக்குப் புரியவில்லை. முதலில் போட்டது கெட்டுப்போனதல்லவா என்றேன். அவள் தலையை ஆட்டினாள். பேசப் பேச மூச்சு வாங்கியது, ஆனாலும் நிறுத்தவில்லை. அந்த ஆடிக்கு முன்பே உன் அம்மாவுக்கு மார் அடைப்பதும் கால் வீங்குவதும் இருந்ததாம். நான் அப்போது கீழ்க்காட்டில் பன்றிக் காவலுக்குக் குடிசை போட்டு அங்கேயே கிடந்தேன், எப்போதாவது வந்து துணி மாற்றிக்கொண்டு போவேன். முதலில் கண்டுபிடித்தவள் சின்னம்மாதான். அதற்கு அவள் வைத்தியம் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரே உரலில் எதிரே நிற்கிறவள் அல்லவா, அக்காவின் உலக்கை தாமதித்தால் தன் உலக்கையையும் பிடித்து நிறுத்தியாக வேண்டும். நாளாக நாளாக அதிகமாகப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்ததாம். என்ன அக்கா என்று கேட்டதற்கு உன் அம்மா சொன்ன சொல்லை உன் சின்னம்மா எனக்கு அப்படியே சொன்னாள். நானும் உனக்கு அப்படியே சொல்கிறேன்.

"அவன் பஸ்ஸு ஏறட்டும் புள்ள. எனக்கு மேலுக்குச் சரியில்லேன்னு தெரிஞ்சா, கட்டுன பொட்டியப் பிரிச்சு வெச்சுட்டு என் காலடியிலயே ஒக்காந்துக்குவான். அதுக்கா அவன இத்தன தூரம் படிக்க வெச்சேன்?"

சீராக இல்லை என்று நீ சொன்னாயே, ஓரோர் இடத்தில் கடகடவென்று, மற்ற இடத்தில் இழுத்துக்கொண்டு என்று. அதையும் சின்னம்மாவிடம் கேட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "அவன் வாசலுக்கு வந்தா வெரசா குத்துவாங்க. உள்ள போனா ஒலக்கயப் புடிச்சுட்டு நிப்பாங்க. மறுக்காவும் வருவான், மறுக்காவும் வெரசா குத்துவாங்க. அன்னிக்கு முச்சூடும் அப்படித்தான். நானும் கூடவே ஓடறதும் நிக்கறதும். எனக்கே கையி உட்டுப்போச்சு" என்றாள். நீ பஸ் ஏறிப் போன பிறகாவது என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நோம்பி முடியட்டும் என்றாளாம் உன் அம்மா, நோம்பி முடிந்ததும் சாமை அறுப்பு முடியட்டும் என்றாளாம். அதற்குள் ஐப்பசி வந்துவிட்டது. ஜீப்பில் கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கிக்கொண்டு போனபோது அவள் தலை என் மடியில்தான் இருந்தது. மார் அடைப்பு இப்போதுதான் வந்ததா என்று கீழே டாக்டர் கேட்டார். ஆமாங்க என்று நான்தான் சொன்னேன்.

அத்தனை பேரும் அந்த வேகப் படத்தைப் பார்த்துச் சந்தோஷப்படும்போது எப்படிச் சொல்வது என்று சின்னம்மா இத்தனை காலமும் வாயைத் திறக்கவில்லை. டிவியில் அது ஓடும்போதெல்லாம் ஆட்டைக் கட்ட எழுந்து போனாளே, எதற்கு என்று இப்போது தெரிகிறது. கார்த்திகையில் அவளும் போனாள். காரியத்துக்கு நீ வந்தபோதே சொல்லியிருக்கலாம். வீடு நிறையச் சனம், நீயும் மறுநாளே கடையைத் திறக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டாய்.

அவள் சொன்ன அன்றே நான் சாமைக் காட்டுக்குப் போய் அந்தச் சிடியைக் கயிற்றிலிருந்து அவிழ்த்துக்கொண்டு வந்தேன். பூசாரி வீட்டில் போட்டுப் பார்த்தார்கள். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, உள்ளே சிடியே இல்லை என்கிறதாம் அந்தப் பெட்டி. மழையும் வெயிலும் தின்றுவிட்டது, பளபளத்த பக்கம் முழுக்கத் தோல் உரிந்தாற்போல் இருக்கிறது. துடைத்துப் பார்த்தேன், ஈரத்துணியால், பிறகு வேட்டி முனையால். அஞ்சலை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டாள்.

இதைக் கேட்டதும் உன் மனது எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். நான் படிக்கப் போனதால்தானே என்று உன்னையே அடித்துக்கொள்வாய். அடித்துக்கொள்ளாதே சாமி. அவள் மறைத்தது உனக்குத் தெரியக்கூடாது என்றுதான், அதில் அவள் ஜெயித்தாள். நீ பஸ் ஏறிய பிறகு அவள் எப்படி இருந்தாள் என்று சின்னம்மாவிடம் கேட்டேன். உரலை மூடிவிட்டு, கோழிக்கு நொய் போட்டுவிட்டு, மாமரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்து, பஸ் சத்தம் வளைவு வளைவாகக் குறைந்து ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தாளாம். அதன் பிறகு, "போய்ட்டான்" என்று ஒரு சொல். அழுகை இல்லையாம்.

என்னை எடுத்துக்கொள். சத்தத்தை வைத்தே பெண்டாட்டியின் கோபத்தைக் கண்டுபிடிப்பேன் என்று பெருமை பேசினவன், கண் எதிரே கலரில் அவள் முடியாமல் நிற்பதைக் காட்டியும் மிஷின் கெட்டுவிட்டது என்றேன். என் மனதில் இருந்த வேகம் ஒன்று, அதற்குக் குறைந்தால் அவள் இல்லை என்று ஆகிவிட்டது. நாளைக்கு உன் வீட்டிலும் ஒருத்தி வந்து வேலை செய்வாள். அவள் சுறுசுறுப்பாக இருக்கிறாள், அதனால் நன்றாக இருக்கிறாள் என்று கணக்குப் போடாதே. நீ எதிரே வரும்போது எல்லோரும் நன்றாகத்தான் இருப்பார்கள். நீ உள்ளே போன பிறகு எப்படி இருக்கிறாள் என்று சில சமயம் திரும்பி வந்து பார். சத்தம் போடாமல் வா. தினமும் பார்க்க முடியாது, பிழைப்பு இருக்கிறது, அதுவும் எனக்குத் தெரியும். முடிந்தபோது பார். என்னிடம் உனக்குக் கொடுக்க இதற்கு மேல் புத்தி இல்லை.

கேட்க ஒன்று இருக்கிறது. அந்த அமெரிக்கச் சிடியை நீ பத்திரமாகத் தகரப்பெட்டியில் வைத்திருப்பதாக அஞ்சலை சொல்கிறாள். அதை எடுத்து, முதலில் செய்தாயே, அதேபோல் திரும்பச் செய். முப்பதில் ஐந்து கழிந்தால் கழியட்டும், இனி அதற்காக அழ மாட்டேன். ஆனால் வேகத்தில் கை வைக்காதே. என் கை அடித்த கணக்கு வேண்டாம். அவள் நிற்கிற இடத்தில் நிற்கட்டும், மூச்சு வாங்குகிற இடத்தில் வாங்கட்டும். பந்தலில் அதைத்தான் போட வேண்டும். மாமியார் ஏன் இப்படி மெதுவாகக் குத்துகிறாள் என்று பெண்ணின் சனம் யாராவது கேட்டால், நான் எழுந்து சொல்கிறேன். கூட்டத்தில் பேசி எனக்குப் பழக்கமில்லை, ஆனாலும் சொல்கிறேன். கோழிகளும் இந்தமுறை நிதானமாகக் கொத்தட்டும்.

பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நீ அதைப் பார்க்கும்போது, உன் அம்மா எங்கெங்கே வேகமெடுக்கிறாள் என்று கவனி. அங்கெல்லாம் வாசலின் ஓரத்தைப் பார். தோளில் துண்டும் கையில் சட்டையுமாக, உரல் பக்கம் திரும்பாமலே ஒருத்தன் போய்வந்துகொண்டிருப்பான். உலக்கை பிடித்த இரண்டு பேரும் போய்விட்டார்கள். படம் பிடித்த அந்த அம்மாளின் முகம் அதில் இல்லை. நான் கீழ்க்காட்டில் பன்றி ஓட்டிக்கொண்டிருந்தேன், நானும் இல்லை. அந்தப் படத்துக்குள் இருப்பவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது நீ ஒருத்தன்தான், மாரிமுத்து.